சிங்கபுரங்கள் பல



நம் மாணவர்களின் கட்டுரைகளில் ஆண்டுதோறும் ஒரு கருத்து தவறாது தலைகாட்டுகிறது. 'சிங்கப்பூர்' என்னும் பெயர் 'ஊர்' என முடிகிறது. எனவே இத்தீவுக்குப் பெயர் சூட்டியவர்கள் தமிழர்களே. இராசேந்திர சோழனே இப்பெயரை இட்டான் என்பது அது. பிள்ளைகள் இதனைத் தாமாகப் புனைவதில்லை. பெரியோர் கூறக் கேட்டும், கைப்பேசிகளில் வலம்வரும் செய்திகளைப் படித்தும் எழுதுகின்றனர். தமிழ்ப் பற்றினால் விளைந்த கூற்று என்பதால் சிவப்பு மையால் சுழிக்க நமக்கும் கை வருவதில்லை. ஆயினும் சுழிக்கத்தான் வேண்டும். ஏன் என்பதை அப்பெயர் தாங்கிய பிற ஊர்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்த 'ஊர்' பற்றி ஒரு சொல். மலாய் மொழியில் இவ்வூர் சிங்கபுரா. சிங்கம், புரம் ஆகிய இரண்டும் வடமொழி வழி வந்த சொற்கள். 'புரா' என்னும் ஈறே தமிழில் 'பூர்' என வழங்குகிறது. அது நம் 'ஊர்' அன்று. ஐயமுள்ளோர் கோலாலம்பூரை எண்ணிப் பார்க்கலாம். 'கோலா' என்பது ஆற்றின் முகத்துவாரம், 'லும்பூர்' என்பது சேறு. இரண்டும் மலாய்ச் சொற்கள். ஒலியை மட்டும் நம்பினால் அதனையும் தமிழூராக்கிவிடலாம்! அயற்பெயரைத் தம் மொழிக்கேற்ப ஒலிப்பது எல்லா மக்களுக்கும் இயல்பு. சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் 'மலையூர்' என்பது மலைமேல் அமைந்த தமிழூர் அன்று. சுமத்திராவின் சம்பிப் பகுதியில் இருந்த மலாயு நாட்டின் பெயரே தமிழ்ப் புலவரின் செவியில் அவ்வாறு விழுந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

இனி, சிங்கபுரம் என்னும் பெயருக்கு வருவோம். இப்பெயர் நம் தீவுக்கு மட்டுமே உரியது என எண்ணுவோர் பலர். உண்மை வேறு. இன்றைய வியட்நாமின் குவாங் நாம் பகுதியில் ட்ரா கியூ என்றோர் ஊர் உள்ளது. பண்டைய சம்பா நாட்டின் தலைநகரங்களுள் ஒன்றான சிம்மபுரம் அதுவே. நம் தீவு அப்பெயரைப் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அந்நகர் செழித்திருந்தது. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் கோட்டைச் சுவரும் சிற்பங்களும் வெளிப்பட்டன. தாய்லாந்தில் சாவோ பிரயா ஆற்றங்கரையில் சிங் புரி என்னும் மாநிலம் இன்றும் உள்ளது. 'புரி' என்பதும் நகரமே. ஆக, அதுவும் சிங்கநகர்தான்.

இந்தியத் துணைக்கண்டத்துக்குள் சென்றால் இன்னும் சில. ஏழாம் நூற்றாண்டில் பயணம் செய்த சீனத் துறவி சுவான்சாங், பஞ்சாபின் உப்பு மலைத்தொடர்ப் பக்கம் சிம்மபுரம் என்னும் நாடு இருந்ததாகக் குறித்துள்ளார். கலிங்கத்திலும் ஒரு சிம்மபுரம் இருந்தது. பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், தான் கலிங்கத்துச் சிம்மபுரத்தில் பிறந்தவன் எனக் கல்வெட்டுகளில் பெருமையுடன் பொறித்துக்கொண்டான். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்துக்கு அருகிலுள்ள சிங்குபுரமே அது எனப் பலர் கருதுவர். மகாவமிசமோ விசயனின் தந்தை சிங்கபாகு அமைத்த நகரைச் சீகபுரம் என்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே மன்னனோ ஒரே இனத்தாரோ சென்று நிறுவினர் என எவரேனும் கூறினால் நாம் ஏற்போமா?

ஏற்கமாட்டோம். எனில், இப்பெயர் இத்தனை இடங்களில் வேர்விட்டது எவ்வாறு? சிங்கம் அரசின் சின்னம். மன்னன் அமரும் இருக்கைக்குச் சிங்காசனம் என்றும் அரியணை என்றும் பெயர். இரண்டிலும் சிங்கமே உறைகிறது. புத்தருக்குச் சாக்கியசிங்கம் என்றொரு பெயருண்டு. வடமொழியும் பௌத்தமும் சைவமும் கடல்வழி பரவிய நாடுகளில், தன் நகருக்குப் பெருமை தேடிய மன்னன் விரும்பிச் சூடிய பெயர் இது. கிழக்குச் சாவகத்தில் 1222 முதல் 1292 வரை நிலவிய சிங்கசாரி அரசும், பாலித்தீவின் சிங்கராசா நகரும் அவ்வகையினவே. காட்டில் சிங்கம் உலவியதா என்பது இங்குப் பொருட்டன்று. சிங்கப்பூர்க் காட்டில் திரிந்தவை புலிகள்தாம். கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது 1930ஆம் ஆண்டில். செஜாரா மெலாயு கூறும் கதையில் சாங் நீல உத்தமன் கண்ட விலங்குக்குச் செந்நிற உடல், கருந்தலை, வெண்மார்பு. அப்படியொரு சிங்கத்தை நான் எந்த விலங்குக் காட்சிசாலையிலும் கண்டதில்லை.

புலி என்றதும் சோழர் நினைவுக்கு வருகின்றனர். அவர்தம் கொடியில் பொறித்ததும் புலியே. வென்ற இடத்துக்குச் சோழன் பெயர் சூட்டியிருப்பின் சிங்கத்தையா தேர்ந்திருப்பான்? இஃது ஊகத்தின்பாற்பட்ட வினா என ஒருவர் மறுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆதலால் எழுத்துச் சான்றுக்கே செல்வோம். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் போற்றும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. சிங்கபுரம் இல்லை. பட்டியலிடுவதில் இத்தனை ஆர்வம் காட்டிய அரசவை, தான் பெயரிட்ட ஊரை மட்டும் மறந்திருக்குமா?

1365இல் இயற்றப்பட்ட சாவக நூலான நாகரகிருதாகமம் இத்தீவைத் துமாசிக் என்றே குறிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர் சிங்கபுரா என எழுதினர். அப்பெயருக்கு மலாய்ச் சொற்களைக் கொண்டு வேறொரு பொருள் கூறவும் அவர்கள் முயன்றனர் என்பது தனிக்கதை. செஜாரா மெலாயுவிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்நூலில் ராசா சூலன் என்னும் மாமன்னன் சீனத்தை வெல்லப் புறப்பட்டு, இத்தீவுவரை வந்து திரும்புகிறான். சோழரைப் பற்றிய பழைய நினைவே அப்பாத்திரமாயிற்று என்பர். ஆனால் அவன் வந்து தங்கும் இடத்துக்கு அக்கதையிலும் தெமாசிக் என்பதே பெயர். சிங்கபுரா என்னும் பெயர் அவனுக்குப் பின்வந்த சாங் நீல உத்தமனின் கதையிலேதான் பிறக்கிறது. இதனை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் வியப்புடன் கேட்கின்றனர்.

சிங்கப்பூர்க் கல்லையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற அப்பெரும் கல்வெட்டுப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்துகள் இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. 'கேசரிவ' என்னும் எழுத்துகள் அதில் தெரிவதாகவும், அவை சோழ மன்னர்களின் 'பரகேசரிவர்மன்' என்னும் பட்டத்தின் பகுதியாகலாம் என்றும் 2019இல் ஆய்வாளர் ஒருவர் கருத்துரைத்தார். அவ்வாறே உறுதிப்பட்டால் நான் பெரிதும் மகிழ்வேன். எனினும் அது சோழர் தொடர்புக்குச் சான்றாகுமே அன்றி, ஊர்ப்பெயருக்குச் சான்றாகாது. (கேசரி என்றாலும் சிங்கமே என்று உடனே கை உயர்த்தும் மாணவர் வகுப்புக்கு ஒருவர் இருப்பார். அவரைப் பாராட்டிவிட்டு மேலே செல்க!)

இவ்வட்டாரத்தில் தமிழர் காலடி பதிந்ததற்கு ஒலி ஒற்றுமையை நாடவேண்டிய தேவையே நமக்கில்லை. தாய்லாந்தின் தக்குவா பாவில் மணிக்கிராமத்தாரைக் குறிக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கெடாவே கடாரம் என்பதற்கும் இடம், காலம், எழுத்து மூன்றும் துணைநிற்கின்றன. கல்லில் எழுதிவைத்துச் சென்ற வணிகர்களை விட்டுவிட்டு 'பூர்' என்னும் ஒற்றை அசையைப் பிடித்துத் தொங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

ஒரு சிங்கப்பூர் அமெரிக்காவிலும் இருந்தது! ராஃபிள்ஸ் இங்குக் கரையிறங்கிய 1819க்குப் பின் பதினேழு ஆண்டுகளில், மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ ஆறு ஏரியோடு கலக்கும் இடத்தில் அப்பெயரில் ஓர் ஊர் எழுந்தது. மரம் அறுப்பதே அங்குத் தொழில். 1871 அக்டோபரில் சிகாகோ, ஹாலந்து, பெஷ்டிகோ ஆகிய நகரங்கள் தீக்கிரையாயின. அவற்றை மீளக் கட்டுவதற்காகச் சுற்றுக் காடுகள் யாவும் வெட்டப்பட்டன. மரம் தடுத்திருந்த மணற்குன்றுகள் நகரத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் ஊர் மணலுக்குள் புதைந்தது. இன்று அருகிலுள்ள சாகடக்கில் ஒரு நினைவுப் பலகை மட்டும் அதன் பெயரைச் சொல்கிறது. சுற்றுச்சூழல் பாடத்துக்கும் ஏற்ற செய்தி, ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழுக்குள்ளேயும் பெயரொற்றுமை உண்டு. 'சிங்கை' என்றால் நமக்குச் சிங்கப்பூர். கோவை மக்களுக்குச் சிங்காநல்லூர். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தாருக்கு அவர்தம் ஊர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ தம்மைச் சிங்கையாரியர் என்றனர். அவர்தம் தலைநகர் சிங்கைநகர். அது நல்லூரே என்பாரும் வல்லிபுரம் என்பாரும் இன்றளவும் வாதிடுகின்றனர்.

1887இல் வெளிவந்த ஒரு நூலின் பெயர் 'சிங்கைநகர் அந்தாதி'. இயற்றியவர் யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவ பண்டிதர். ஆசிரியரின் ஊரையும் நூலின் தலைப்பையும் மட்டும் கொடுத்து, இது எந்த ஊரைப் பற்றியது என உயர்நிலை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாண வரலாறு அறிந்தவர் ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரையே சொல்வர். நூலைத் திறந்தால்தான் அங்கே நிற்பவர் சிங்கப்பூர்த் தேங்க் சாலை முருகன் என்பது தெரியவரும்.