கொழுந்தின் கலம் உடையும் நேரம்

நோட்டன் பிரிட்ஜ் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து தேயிலைத்தூளாக மாற அதன் கலங்கள் உடைய வேண்டும். அதே கொழுந்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கவும் கலங்கள் உடைய வேண்டும். ஆனால் ஸ்டோரில் விரும்பப்படும் விளைவு ஆய்வுகூடத்தில் தடுக்கப்படுகிறது.

இலையின் கலத்தில் பொலிபீனோல்கள் ஓரிடத்திலும், அவற்றை மாற்றும் நொதியம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. இடையில் இருப்பவை மெல்லிய மென்சவ்வுகளே. வாட்டிய கொழுந்தை ரோலர் முறுக்கும்போது அவை கிழிகின்றன. நொதியமும் பொலிபீனோலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, கறுப்புத் தேயிலைக்குரிய நிறமும் சுவையும் பிறக்கின்றன. பின்னர் சூடான காற்றில் உலர்த்தி இம்மாற்றம் நிறுத்தப்படுகிறது.

தேயிலை இனத்தை அடையாளம் காணவோ நோய்க்கிருமியைத் தேடவோ முனையும் ஆய்வாளருக்கு இந்தப் பழுப்பு நிறமே எதிரி. ஒட்சியேற்றமடைந்த பொலிபீனோல்கள் டி.என்.ஏ.யுடன் ஒட்டிக்கொள்ளும். எனவே இளம் இலையை -196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசனில் உறையவைத்து, பீங்கான் உரலில் மாவாக அரைக்கிறார்கள். அந்தக் குளிரில் கலச்சுவர் நொறுங்கும், நொதியம் செயற்படாது. சிறு உலோக மணிகளுடன் குழாயைக் குலுக்கும் இயந்திரமும் உண்டு. அடுத்து, மென்சவ்வைக் கரைக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில் சுமார் 65 பாகையில் மாவைச் சூடாக்குவர். அதில் சேர்க்கப்படும் பி.வி.பி. பொலிபீனோல்களைப் பிடித்துக்கொள்ளும். குளோரோபோம் சேர்த்து மையநீக்கியில் சுழற்றினால் புரதம் பிரியும். இறுதியில் அற்ககோல் டி.என்.ஏ.யை வீழ்படிவாக்கும்.

மாதிரி சுத்தமாக இல்லாவிட்டால் பி.சி.ஆர். சோதனை தோற்கும். அதை 'நோய் இல்லை' என்று வாசித்தால் நோயுள்ள கன்றுகள் மலையெங்கும் நடப்படலாம். அதனால்தான் விடை தெரிந்த மாதிரி ஒன்றும் உடன் சோதிக்கப்படுகிறது. 1925இல் தொடங்கப்பட்டு, இன்று தலவாக்கலை சென் கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் இலங்கையின் முதன்மை நிறுவனமாகும்.

கலம் உடையும் மூன்றாவது இடம் கொழுந்துச் சாக்கு. அமுக்கிக் கட்டினாலும், லொறிக்காக நீண்ட நேரம் காத்திருந்தாலும் கொழுந்து சூடேறிச் சிவக்கிறது. ரோலரில் தொடங்க வேண்டிய மாற்றம் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. சாக்கை அமுக்காமல் கட்டுவது பறிப்பவரின் கையில் இருக்கிறது. ஆனால் நிழலான நிறுவைக் கொட்டிலும் நேரத்துக்கு வரும் லொறியும் நிர்வாகத்தின் பொறுப்பு. தரம் குறைந்தால் பறித்த பெண்ணின் கணக்கை மட்டும் பார்ப்பது நியாயமாகாது.