கவலையும் எந்திர இலாபமும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரைச் சூழ்ந்த தென்னார்க்காட்டுப் பகுதியில், எருது பூட்டித் தோற்சாலால் கிணற்றுநீர் இறைத்த கவலை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்பொறிகள் பரவவே அருகிற்று. அதன் உருளையே பளுவைக் குறைத்தது எனக் கருதுவாருளர், யாம் உடன்படோம். நிலையான ஒற்றை உருளை இழுவிசையின் திசையை மாற்றுவதன்றி வேறு செய்யாது; உராய்வினால் அதன் எந்திர இலாபம் ஒன்றினும் குறையும்.

உண்மை நயம் எருதுகள் இறங்கும் சரிவிலேயே உளது. ஐந்தடி நடையில் ஓரடி தாழும் சரிவாயின், எருதுகளின் எடையில் ஐந்திலொரு பங்கு இழுப்பிற்குத் துணையாம். எனினும் இறக்கத்திற் பெற்றதனை, வெறுஞ்சாலொடு பின்னோக்கி மேலேறுங்கால் அவை திருப்பித் தருதல் வேண்டும். ஆதலின் சரிவு பயனுறுதிறனைப் பெருக்கிற்று எனல் பொருந்தாது. உழைப்பை இருநடைக்கும் பகிர்ந்தது என்பதே எம் துணிபு. வடநாட்டிற் சில பகுதிகளில் எருதுகளைக் கழற்றித் திருப்பி மேலே நடத்தியதும், பின்னோக்கி ஏறும் அவ்வருத்தம் நோக்கியே போலும்.