வீடு மாறும்போது பொருள் சேதமடைந்தால்: லோரி புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வீடு மாறுவது நம் வழக்கம். சாமி படமும் உப்பும் அரிசியும் குடத்துத் தண்ணீரும் முதலில் உள்ளே போக வேண்டும். எமகண்டம் பிறக்கும் முன் பால் பொங்க வேண்டும். அந்த அவசரத்திற்கு நடுவேதான் சாமான் ஏற்றிய லோரியும் வாசலில் வந்து நிற்கும். ஐஸ் பெட்டியின் கதவு நசுங்கியிருப்பது கண்ணில் பட்டாலும், "நல்ல காரியம் நடக்கிற நாளில் வாய்ச்சண்டை வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். பேசிய பணத்தைக் கொடுத்து லோரியை அனுப்பிவிடுவோம். மறுநாள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, மனம் கேளாமல் கைப்பேசியில் அழைத்தால், "நேத்து ஒன்னுமே சொல்லலையே அக்கா" என்று பதில் வரும்.

இழப்பீடு கேட்க நம் நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி நமக்குத் திறக்குமா அடைபடுமா என்பது பெரும்பாலும் லோரி வாசலில் நிற்கும் அந்த அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. தாளில் ஒரு வரி எழுதினால் போதும்.

ரசீதில் ஒரு வரி

பொருள்களை இறக்கி முடித்ததும் ஓட்டுநர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார். பொருள்கள் அனைத்தும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன என்று அதில் மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சாகியிருக்கலாம். படிக்காமல் கையெழுத்திட்டால், பின்னர் நம் கையெழுத்தே நமக்கு எதிரான சாட்சியாகும்.

கண்ணுக்குத் தெரியும் சேதத்தை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். 'பெத்தி ஆயிஸ் கெமெக்' என்று மூன்று சொல் மலாயில் எழுதினாலே போதும். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்றால், 'பாராங் பெலும் டிபெரிக்சா', அதாவது பொருள்கள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளே தராத லோரிக்காரர்களும் உண்டு. அப்படியானால் உடைந்த பொருளையும், லோரியின் எண் பட்டை தெரியும்படி ஒரு படத்தையும் எடுத்து, லோரி நிற்கும்போதே அவருடைய வாட்சாப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். அனுப்பிவிட்டு, "அண்ணே, படம் அனுப்பியிருக்கேன், முதலாளிகிட்ட சொல்லுங்க" என்று தன்மையாகச் சொன்னால் பால் பொங்கும் நேரமும் கெடாது. ஓட்டுநரும் உதவியாளர்களும் அன்றாடக் கூலிக்கு வந்தவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் குரலை உயர்த்துவதால் பொறுப்பு யாரிடமும் போய்ச் சேரப் போவதில்லை.

முதல் நாள் இரவே இன்னொரு வேலையைச் செய்து வைப்பது நல்லது. தொலைக்காட்சி ஓடுவதையும், சலவை இயந்திரம் சுற்றுவதையும், ஐஸ் பெட்டிக்குள் விளக்கு எரிவதையும் ஐந்து நிமிடக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "முன்னாடியே கெட்டுப் போயிருக்கும்" என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பெட்டியைக் கட்டியது யார் என்பதும் முக்கியம். நாமே பழைய துணியைச் சுற்றிக் கட்டிய பெட்டிக்குள் கண்ணாடிக் கோப்பை உடைந்தால், "கட்டினது நீங்கதானே" என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அவர்களே கட்டியது என்றாலோ, பெட்டியே நசுங்கியோ நனைந்தோ வந்தது என்றாலோ நிலைமை வேறு. எனவே அட்டைப் பெட்டியையும் உடைந்த துண்டுகளையும் உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

சேதத்தைப் பெரிதாக்கிக்கொள்ளாமல் இருக்க

சில பொருள்கள் லோரியில் கெடுவதில்லை. புது வீட்டில் நம் கையால்தான் கெடுகின்றன.

ஐஸ் பெட்டியை நிமிர்த்தியே கொண்டு வர வேண்டும். படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் வழிந்திருக்கும். அது திரும்பி இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும். நெடுந்தூரம் படுத்து வந்த பெட்டி என்றால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகு முடுக்குவது பாதுகாப்பு. நனைந்த மின்சாதனம் எதையும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள். முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரத்தைப் புதிதாக வாங்கியபோது பின்புறம் நீளமான திருகாணிகள் இருந்திருக்கும். வீடு மாறும்போது உள்ளிருக்கும் உருளை ஆடாமல் பிடிப்பதற்காகவே அவற்றைக் கொடுக்கிறார்கள். பலர் அவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

நனைந்த மரச் சாமானை வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவு அலமாரி ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதைப் பழுது பார்ப்பதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் தோட்டத்து லயத்தை விட்டு பட்டணத்து அடுக்குமாடிக்கு மாறிய அன்று மழை. லோரியின் கேன்வாஸ் கிழிந்திருந்தது. தாத்தா, பாட்டியின் திருமணப் படம் சட்டத்திற்குள்ளேயே நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு அம்மா அதை மெதுவாக உரித்தார். தாத்தா தாளோடு வந்தார். பாட்டியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. வேறு பிரதி இல்லை.

கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த படத்தை உரிக்கவே கூடாது என்பதை நான் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தால் முகம் பிழைக்கும். இன்னும் ஈரமாக இருக்கும் ஆல்பம் என்றால் படங்களைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசிப் பிரித்து, முகப்பு மேலே இருக்கும்படி நிழலில் பரப்பிக் காய விடலாம். எல்லாவற்றையும் விடச் சுலபமான வழி, சாமி படத்தைப் போலவே குடும்பப் படங்களையும் லோரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டு போவதுதான்.

லோரிக்காரர் யார்?

முகநூலில் ஒரு விளம்பரம், ஒரு கைப்பேசி எண், "அண்ணன் லோரி" என்று ஓர் அழைப்புப் பெயர். பலர் இவ்வளவு தெரிந்துகொண்டே சாமானை ஒப்படைக்கிறோம். புகார் என்று வரும்போது இதுவே பெரிய தடங்கல். யார் மீது கோரிக்கை வைக்கிறோமோ அவருடைய பெயரும் முகவரியும் இல்லாமல் மனு நகராது. நிறுவனத்தின் பதிவு எண், அதாவது எஸ்எஸ்எம் எண்ணை முன்பணம் கட்டும்போதே கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவர் சேதம் ஏற்பட்ட பிறகு தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

லோரியின் உரிமத்தையும் விசாரிக்கலாம். கூலிக்குப் பிறர் பொருளை ஏற்றுவதற்கு 'ஏ' வகை உரிமமும், சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு 'சி' வகை உரிமமும் இருக்கின்றன. வார நாளில் வன்பொருள் கடைச் சாமான் ஏற்றும் லோரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற வருவது நாம் அறியாததல்ல. வாடகை குறைவுதான். ஆனால் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும். லோரிக்கு எடுத்த வாகனக் காப்புறுதி, அதில் ஏற்றிய சாமானுக்குப் பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதற்குச் சரக்குப் பயணக் காப்புறுதி என்று தனியாக ஒன்று உண்டு. அது இருக்கிறதா, எவ்வளவு தொகை வரை என்று விலை பேசும்போதே கேளுங்கள்.

'உடைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்தால்?

இந்த வரியைப் பார்த்ததும் பலர் கோரிக்கையைக் கைவிட்டு விடுகிறார்கள். அது தேவையில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், கூலி வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எதை எழுதினாலும் இந்தச் சட்டமே செல்லும். கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பது போன்ற நிபந்தனைகளை நியாயமற்றவை என்று கேள்வி கேட்கவும், 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது.

முதலில் நிறுவனத்திற்கே எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். என்ன சேதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். தொகையை மனம் போன போக்கில் எழுதக் கூடாது. பழுது பார்க்கும் கடையில் விலைப் பட்டியல் வாங்கி இணையுங்கள். எட்டு வருடம் ஓடிய சலவை இயந்திரத்திற்குப் புது இயந்திரத்தின் விலையைக் கேட்டால் கோரிக்கை முழுவதும் நம்பிக்கை இழக்கும். பழுது பார்க்கும் செலவு அல்லது அந்தப் பொருளின் இன்றைய மதிப்பு, இவற்றில் ஒன்றைக் கேட்பதே நிற்கும்.

பதில் வரவில்லை என்றால் அடுத்தது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' என்று கேட்டால் வழி சொல்வார்கள். உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இது இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. முதல் எண் பாரத்தில் விவரங்களை எழுதி நேரிலோ இணையம் வழியாகவோ சமர்ப்பிக்கலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்றாலும், மாதங்கள் ஓட ஓடச் சாட்சிகளும் படங்களும் காணாமல் போகும்.

இங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை. எதிர்த் தரப்புக்கும் அதே விதிதான், அதனால் பயப்பட வேண்டியதில்லை. விசாரணை நாளில் ரசீது, படங்கள், வாட்சாப் உரையாடல், பழுது பார்க்கும் விலைப் பட்டியல் ஆகியவற்றை அச்செடுத்துக் கொண்டு போங்கள். உடன் இருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் போகாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். லோரி நிறுவனம் வராவிட்டால், அவர்கள் இல்லாமலே தீர்ப்பு வரலாம். தீர்ப்புத் தொகையை 14 நாள்களுக்குள் கொடுக்காமல் இருப்பது குற்றம். மனு எழுதத் தயக்கம் உள்ளவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம்.

பாட்டியின் முகத்திற்கு நடுவர் மன்றத்தில் விலை கிடையாது. சட்டத்தின் கணக்கு சட்டகத்தின் விலையோடு நின்றுவிடும்.

தோட்டத்து லோரியில் வந்தால்

பழைய லயத்திலிருந்து புதிய குடியிருப்புக்கு மாற்றும்போது நிர்வாகமே லோரியோ டிராக்டரோ கொடுப்பது உண்டு. வாடகை எதுவும் வாங்காத அந்த உதவியை நடுவர் மன்றத்திற்குக் கொண்டு போவது கடினம். ஆனாலும் மாறச் சொன்னது நிர்வாகம், வண்டியும் ஆளும் நிர்வாகத்துடையவை என்பதால், கேட்பதில் தவறில்லை. வாய்மொழியாகக் கிராணியிடம் சொல்லிவிட்டு விடாமல், சேதப் பட்டியலை நிர்வாகிக்குக் கடிதமாகக் கொடுங்கள். ஒரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மாறிய பத்துக் குடும்பங்களில் நான்கு வீட்டுச் சாமான் நனைந்திருந்தால், தொழிற்சங்கப் பொறுப்பாளர் வழியாக நான்கு பேரும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.