முட்டாள் நாற்று

நாற்றங்காலில் எல்லா நாற்றும் ஒரே மட்டத்தில் நிற்க, அங்கங்கே சில மட்டும் வெளிறி, ஒல்லியாக, தலை உயர்த்தி நிற்கும். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். பிழைத்தாலும் மணி பிடிக்காது. ஜப்பானிய விவசாயிகள் இந்த நோயை ‘பகானே’ என்றார்கள். முட்டாள் நாற்று என்று அர்த்தம். வளர்ந்து கெட்டதுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்!

1926. தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அங்கே வேலை பார்த்த எயிச்சி குரோசாவா (சினிமாக்காரர் இல்லை, இவர் வேறு) நோய்க்குக் காரணமான பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்தார். பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் நெல் நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று நெடுநெடுவென வளர்ந்தது. பூஞ்சையே இல்லை, ஆனால் அதே அறிகுறி! 1935-இல் டோக்கியோவில் டெய்ஜிரோ யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்பெரெல்லின் என்று பெயரிட்டார். 1938-இல் அது படிகமாகவே கைக்கு வந்தது.

சரி, பூஞ்சை ஏதோ விஷம் கக்குதுன்னு நினைத்தால் அங்கேதான் கதை திரும்புகிறது. 1958-இல் பிரிட்டனில் மெக்மில்லன், சூட்டர் இருவரும் அவரை இனம் ஒன்றின் முற்றாத விதையில் ஜிப்பெரெல்லினைக் கண்டெடுத்தார்கள். அது செடியின் சொந்த ஹார்மோன். பூஞ்சை தனி வழியில் அதைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நெல்லின் செல்லுக்குள் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் ‘டெல்லா’ என்ற புரதம் உண்டு. ஒருவகையில் பிரேக். ஜிப்பெரெல்லின் வந்து அதன் ஏற்பியில் உட்கார்ந்ததும் செல்லே அந்தப் பிரேக்கைச் சிதைத்துவிடுகிறது. அந்த ஏற்பியை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-இல்தான் நெல்லில் அடையாளம் கண்டார்கள். டெல்லா வளர்ச்சியை மட்டும் கவனிப்பதில்லை, நோய் எதிர்ப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. பூஞ்சை பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரின் சாவியையே செய்துகொண்டு வருகிறது.

இதே மூலக்கூறு நம் சோற்றுத் தட்டிலும் இருக்கிறது, இல்லாமையாக. பழைய உயர ரகங்கள் உரம் போட்டால் சாய்ந்துவிடும். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். எட்டு சாயவில்லை. அதன் குட்டைத்தன்மை தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்திலிருந்து வந்தது. ஏன் குட்டை என்பது 2002-இல் தெரிந்தது: ஜிப்பெரெல்லின் தயாரிக்கும் ஒரு மரபணு அதில் பழுது. பசுமைப் புரட்சி என்கிறோமே, நெல்லைப் பொறுத்தவரை அதில் பெரும்பங்கு இந்தப் பழுதுக்குத்தான்.

ஆனால் பழுது தயாரிப்பில் மட்டும்தான், ஏற்பி அப்படியே இருக்கிறது. வெளியிலிருந்து ஜிப்பெரெல்லின் வந்தால் குட்டை ரகமும் நீளும். பூஞ்சைக்கு அது போதும்.