வீட்டு பியருக்கு எந்த ஹாப்ஸ்?

தெம்பனிஸ் வீவக வீட்டுச் சமையலறையிலும் பியர் தயாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 18 வயது நிரம்பியவர், சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்போகாமல் தயாரிக்கலாம். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது.

அடுத்து வருவது ஹாப்ஸ் தேர்வு. புதியவர்கள் பலர் பெயரைப் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னர் விழிப்பது இங்குதான்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. கஞ்சாச் செடியின் குடும்பம்தான் என்றாலும் அதிலுள்ள போதைப்பொருள் இதில் இல்லை. பூவின் மஞ்சள் பிசினிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதிக்கும்போது கசப்பாகிறது. எண்ணெய் மணம் தருகிறது. கொடி நன்கு பூக்க நீண்ட கோடைப் பகலும் குளிர்காலமும் தேவை. தெம்பனிஸ் என்ற பெயரே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஹாப்ஸ் கொடிக்கு இந்த மண் ஒத்துவராது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது.

செக் நாட்டு சாட்ஸ் ரகத்தில் ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு. மென்மையான மூலிகை மணம். ஜெர்மனியின் மேக்னத்தில் 12 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும்; மணம் குறைவு, கசப்பு சுத்தம். 20 லிட்டர் பியரை 25 கசப்பு அலகுக்குக் கொண்டுவர, ஒரு மணி நேரக் கொதிப்பில் சாட்ஸ் 57 கிராம் தேவைப்பட்டால் மேக்னம் 17 கிராம் போதும். கசப்புக்கு மட்டும் சாட்ஸ் வாங்குவது காசைக் கரைப்பதே.

மணத்துக்கு அமெரிக்க ரகங்கள். 1972ல் வெளியான கேஸ்கேட், பம்ளிமாஸ் தோலை நினைவூட்டும். சிட்ராவில் மாம்பழம், லைச்சி வாடை தூக்கலாக இருக்கும். இவற்றைக் கொதிப்பின் கடைசி நிமிடங்களிலோ நொதித்த பிறகோ சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

இங்குள்ள வெப்பமும் தேர்வைத் தீர்மானிக்கும். சாட்ஸ் பொருந்தும் லாகர் பியர் 10 பாகை செல்சியஸ் அளவில் நொதிக்க வேண்டும். தனிக் குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்க்கு அது வீண் முயற்சி. 30 பாகையையும் தாங்கும் நார்வேயின் குவைக் ஈஸ்ட்டுடன் சிட்ரா சேர்ப்பது எளிது.

திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் கசப்புத் திறன் குறைந்து பாலாடைக்கட்டி நாற்றம் வரும்.

நாய் வளர்ப்போர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். ஹாப்ஸ், பயன்படுத்திய சக்கையும்கூட, நாய்க்கு நஞ்சு. தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். சக்கையை மூடியில்லாத குப்பைத்தொட்டியில் போடாமல், கட்டி உடனே அகற்றிவிட வேண்டும்.