யார் உடலில் முதல் சோதனை?

ஒரு நோயின் சுருக்கப்பெயர் மாறாதிருக்க, அதன் பொருள் மட்டும் மாறிவிடுவது உண்டு. ஐ.டி.பி. என்று மருத்துவர்கள் அழைக்கும் குருதிநோய் அதற்குச் சான்று. அதன் முதலெழுத்து நீண்டகாலம் 'இடியோபதிக்' என்ற சொல்லைக் குறித்தது. காரணம் அறியப்படாதது என்பது அதன் பொருள். 2009ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பெயரை முறைப்படுத்தியபோது, அவ்விடத்தில் 'இம்யூன்' என்ற சொல் உறுதியாக அமர்ந்தது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே இந்நோய்க்குக் காரணம் என்பதை அச்சொல் அறிவிக்கிறது. 'அறியோம்' என்றிருந்தது 'அறிவோம்' என்றாயிற்று. இந்த ஓரெழுத்து மாற்றத்திற்குப் பின்னே, மனித உடலில் நிகழ்ந்த முதற்சோதனைகளின் நெடிய வரலாறு இருக்கிறது.

நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். குருதிக்குழாயில் எங்கேனும் சிதைவு நேர்ந்தால் அங்கே திரண்டு ஒட்டி அடைப்பவை இவை. இந்நோயில் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. தோலில் செந்நிறப் புள்ளிகளும் கன்றிப்போன திட்டுகளும் தோன்றும். மூக்கிலும் ஈறிலும் குருதி கசியும். அரிதாக மூளைக்குள் குருதி பெருகி உயிரைப் பறிக்கும். ஜெர்மானிய மருத்துவர் வெர்ல்ஹோஃப் 1735ஆம் ஆண்டிலேயே இதன் அறிகுறிகளை விவரித்திருந்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1916இல் ப்ராக் நகரில் மருத்துவ மாணவராயிருந்த பால் காஸ்நெல்சன், தட்டணுக்களை அழிக்கும் இடம் மண்ணீரலே என்று கருதினார். அவருடைய தூண்டுதலின் பேரில் ஒரு பெண்ணுக்கு மண்ணீரல் அகற்றப்பட்டது; தட்டணுக்கள் விரைந்து உயர்ந்தன. ஆயினும் விவாதம் ஓயவில்லை. மண்ணீரல் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். மேலும், மண்ணீரலை அகற்றிய பிறகும் குணமடையாத நோயாளிகள் இருந்தனர். அழிவா, உற்பத்திக் குறைவா என்ற வினா முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது.

அதற்கு ஒரு தடயம் மகப்பேற்று அறையில் கிடைத்தது. இந்நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். சில வாரங்களில் தாமே மீண்டுவிடும். அப்படியானால், தாயின் குருதியிலுள்ள ஏதோ ஒரு பொருள் குழந்தையைச் சென்றடைந்து, பின்னர் தேய்ந்து மறைகிறது என்றுதானே பொருள்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர்களான வில்லியம் ஹாரிங்டனும் ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த்தும், அப்பொருளைத் தேட 1950இல் ஒரு வழியைத் தேர்ந்தனர். அடுத்து வரும் நோயாளியின் குருதிவகை இருவரில் எவருக்குப் பொருந்துகிறதோ, அவர் அந்நோயாளியின் குருதியை ஏற்றுக்கொள்வது என்பது உடன்பாடு. பொருந்தியது ஹாரிங்டனுக்கு.

அரை லிட்டர் குருதி ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயகரமான அளவுக்குச் சரிந்தன. வலிப்பு வந்தது, தோலில் குருதிப்புள்ளிகள் பரவின. மூளைக்குள் குருதி கசியக்கூடும் என்ற அச்சத்தோடு சக மருத்துவர்கள் அவரைக் கண்காணித்தனர். அவருடைய மார்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையில், தட்டணுக்களை உருவாக்கும் பெருஞ்செல்கள் அழியாமல் இருந்தன. சுமார் ஐந்து நாட்களில் எண்ணிக்கை மீளத் தொடங்கியது. உற்பத்தி நிற்கவில்லை, குருதியில் உலவும் ஒரு பொருள்தான் தட்டணுக்களை அழிக்கிறது என்பது தெளிவாயிற்று. அப்பிரிவைச் சேர்ந்த வேறு சிலரும் தம் உடலில் இச்சோதனையைச் செய்துகொண்டனர். முடிவுகள் 1951இல் வெளிவந்தன. அப்பொருள் எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தது என்பதை 1965இல் ஷுல்மன் குழுவினர் காட்டினர்.

இச்சோதனைக்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1947இல், நியூரம்பெர்க் நெறிமுறை உருவாகியிருந்தது. மரணமோ நிலையான ஊனமோ விளையும் என்று முன்கூட்டியே நம்ப இடமிருக்கும் சோதனையை அதன் ஐந்தாம் கூறு விலக்குகிறது. சோதிக்கும் மருத்துவர்களே தம்மையும் உட்படுத்திக்கொள்ளும் நிகழ்வுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தருகிறது. அதையும் 'ஒருவேளை' என்ற தயக்கச்சொல்லோடுதான் தருகிறது. தன்னுடலை முன்வைப்பது பிறர் உடலைப் பயன்படுத்துவதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரே துறையில் பணிபுரியும் இளையவர் ஒருவர் தம் சகாக்கள் முன்வரும்போது மறுத்து விலகுவது எத்துணை எளிது? அந்த வினாவுக்கும் 'ஒருவேளை' என்ற சொல் இடம் விட்டிருக்கிறது.

அடுத்த திருப்பம் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், எதிர்பாராமல் நேர்ந்தது. பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவரிடம் இந்நோய் முற்றிய நிலையில் ஒரு சிறுவன் இருந்தான். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் அவன் உடலில் இம்யூனோகுளோபுலின் குறைந்திருந்தது. அக்குறையை ஈடுசெய்யவே பலரின் குருதியிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியே செலுத்தினர். தட்டணுக்கள் ஒரே நாளில் உயரத் தொடங்கின. ஒரு சிறுவனிடம் கண்டது தற்செயலாக இருக்கலாம் என்பதால், 13 குழந்தைகளிடம் முன்னோட்ட ஆய்வு நடந்தது: உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம், தொடர்ந்து ஐந்து நாட்கள். 1981இல் அம்முடிவுகள் வெளியாயின. எதிர்ப்பொருளால் வரும் நோய்க்கு எதிர்ப்பொருள்களின் கலவையே மருந்தானது. அச்சிற்றாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஸ்டீராய்டு மருந்தோடு ஒப்பிடும் பன்மைய ஆய்வு 1985இல் வந்தது.

மூன்றாவது நிகழ்வே அதிகம் பேசப்பட வேண்டியது. குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொய்ட்டின் என்ற புரதம் 1994இல் அடையாளம் காணப்பட்டது. அதன் ஒரு பகுதியைச் செயற்கையாக உருவாக்கி, சற்றே மாற்றியமைத்து, மருந்தாகச் சோதித்தனர். தட்டணு தானம் செய்வோரிடமிருந்து கூடுதலாகப் பெற முடியுமா என்பதும் ஒரு நோக்கமாயிருந்தது. ஆகவே நலமுள்ள தன்னார்வலர்களுக்கும் அம்மருந்து தோலடியில் செலுத்தப்பட்டது. அவர்களில் 325 பேரில் 13 பேருக்குத் தட்டணுக்கள் குறைந்தன. செலுத்திய புரதத்திற்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. அவை உடலில் இயல்பாகச் சுரக்கும் திராம்போபொய்ட்டினையும் செயலிழக்கச் செய்தன. தட்டணுக்களைப் பெருக்க வந்த மருந்து, எந்த நோயும் இல்லாதவர்களுக்கு எதிர்ப்பாற்றல்வழித் தட்டணுக் குறைவை உண்டாக்கியது. 1998இல் அமெரிக்காவில் அதன் சோதனைகள் நிறுத்தப்பட்டன.

வழக்கமான வரலாறுகளில் இது ஒரு 'தோல்வி' என்று ஓரிரு வரிகளில் கடந்துபோகும். உண்மையில் அடுத்த மருந்தின் வடிவத்தையே தீர்மானித்தது இத்தோல்விதான். ரோமிப்ளாஸ்டிம் மருந்தை வடிவமைத்தவர்கள், திராம்போபொய்ட்டினோடு அமினோ அமில வரிசையில் ஒப்புமையே இல்லாத, ஆனால் அதே ஏற்பியைத் தூண்டும் ஒரு சிறு புரதத் துணுக்கைத் தேர்ந்தனர். எதிர்ப்பொருள் உருவானாலும் அது உடலின் சொந்தப் புரதத்தைத் தாக்கக் கூடாது என்பதே அத்தேர்வின் தர்க்கம். இம்மருந்தை நோயாளிகளிடம் சோதித்த முதல் இரு கட்டங்களின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதற்கட்டத்தில் 24 பேர், இரண்டாம் கட்டத்தில் 21 பேர் பங்கேற்றிருந்தனர். 2008இல் ரோமிப்ளாஸ்டிமும், வாய்வழி உட்கொள்ளும் எல்ட்ரோம்போபாக் மருந்தும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இம்மூன்று நிகழ்வுகளிலும் முதல் ஆபத்தைச் சுமந்தவர்கள் வேறுவேறானவர்கள். பார்ன்ஸ் மருத்துவமனையில் சுமந்தவர் மருத்துவர். அவருடைய தேர்வு அவருடையது, புகழும் அவருடையது. பெர்னில் சுமந்தவர்கள் குழந்தைகள். ஆபத்து அவர்களுடையது, பயனும் அவர்களுடையது. 1990களில் சுமந்தவர்கள் நலமுள்ள தன்னார்வலர்கள். பெற்றுக்கொள்ளப் பயன் ஏதுமின்றி இழப்பை மட்டும் ஏற்றவர்கள். 1950இன் சோதனை இன்றும் இரு மருத்துவர்களின் பெயரால் வழங்குகிறது. அன்று தன் குருதியைத் தந்த நோயாளிக்கு அந்தப் பெயரில் இடமில்லை. 13 பேரோ ஒரு விழுக்காட்டுக் கணக்கின் மேலெண்ணாக மட்டுமே எஞ்சுகின்றனர்.

முதற்கட்டச் சோதனை என்பது மருந்து குணப்படுத்துகிறதா என்று கேட்பதற்கு முன், அது எவருக்கு என்ன செய்துவிடும் என்று கேட்பது. அக்கேள்விக்கான விடை ஏதோ ஓர் உடலில்தான் எழுதப்பட்டாக வேண்டும். மருந்தியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசிப்போர் முடிவுகளின் அட்டவணைக்குச் செல்லுமுன், பங்கேற்றோர் யார், அவர்கள் பெறக்கூடிய பயன் என்ன, சோதனை பாதியில் நின்றால் அவர்களைத் தொடர்ந்து கவனிப்பவர் யார் என்று தேடிப் பார்ப்பது நன்று. 'அறியோம்' என்ற சொல் 'அறிவோம்' என்று மாறியதற்கான விலையை அவர்களே செலுத்தினர்.