கரி பெற்றெடுத்த ஊர்

பிரெஞ்சு தேசத்தின் தென்பாகத்தில், அவெய்ரோன் மாகாணத்தில், தெகாஸ்வில் என்றோர் ஊர் உண்டு. ஊர்ப் பெயரே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடும். பதினெட்டாம் லூயி மன்னனிடம் மந்திரியாயிருந்த தெகாஸ் பிரபு 1826ஆம் ஆண்டில் அங்கே இரும்புக் கம்பெனியொன்றை நிறுவினார். மண்ணுக்குள் நிலக்கரி இருந்தது, உலைகள் எழுந்தன, குக்கிராமம் பட்டணமாயிற்று, முதலாளியின் பெயரே ஊருக்கும் பெயராய் நிலைத்தது. கோயிலோ சந்தையோ ஆற்றுத்துறையோ தோற்றுவித்த ஊரன்று அது. கம்பெனி பெற்றெடுத்த ஊர்.

பெற்றவள் கை தாராளமானதென்று சொல்வதற்கில்லை. 1886 ஜனவரி 26ஆம் நாள், கூலிக் குறைப்பினால் கொதித்தெழுந்த கூட்டம் வாத்ரேன் என்னும் மேலதிகாரியை ஜன்னல் வழியே வீதியில் தள்ளிக் கொன்றது. கூலி குறையுந்தோறும் அவருக்குப் பங்கு கூடுகிறதென்பது தொழிலாளரின் உறுதியான எண்ணம். அக்கொலையை நியாயமென்று யாம் கூறோம். எனினும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகக் குறையும் கூலி, குடிசையில் ஒருவேளைச் சோறாகக் குறைகிறது என்பதைத் தோட்டத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் ஜூன் மாதம்வரை நீடித்தது. முன்னாளில் சுரங்கத் தொழிலாளியாயிருந்த பாஸ்லி, பாராளுமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப்பின் சுரங்கங்கள் சர்க்கார் உடைமையாயின. முதலாளி போனான், இனிக் கவலையில்லை என்று நம்பியோர் பலர். ஆனால் எண்ணெயும் அயல்நாட்டுக் கரியும் மலிந்தன. தெகாஸ்வில் கரி தீர்ந்துவிடவில்லை, விலையிலே தோற்றது. நிலத்தடிச் சுரங்கங்களை மூடுவதென்று சர்க்கார் தீர்மானித்தது. வேறு தொழிலுக்கு மாற்றப்படுவோர் சுரங்கத் தொழிலாளருக்குரிய ஓய்வூதிய உரிமையை இழக்க நேரும் என்பதே அனைவரையும் உலுக்கிய செய்தி. வேலை போவது ஒன்று. ஆயுளெல்லாம் இருட்டிலே உழைத்துத் தேடிய உரிமையும் உடன்போவது மற்றொன்று.

1961 டிசம்பர் 19ஆம் நாள் அவர்கள் சுரங்கத்துள் இறங்கினர். மேலே வர மறுத்தனர். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பூமிக்கடியிலேயே கழிந்தன. மேலே பெண்டிர் சமைத்தனர். சுற்றுப்புறக் குடியானவர் தம் விளைபொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். உழவனும் சுரங்கத்தானும் வெவ்வேறு உலகத்தார் என்று எண்ணியிருந்த பாரிஸ் நகரத்தார்க்கு இது புதுமை. 66 நாட்கள் இங்ஙனம் சென்றன. முக்கியமான கோரிக்கை கைகூடாமலே அவர்கள் மேலேறினர். 1966இல் நிலத்தடிச் சுரங்கம் மூடப்பட்டது. திறந்தவெளிக் குழியும் 2001இல் நின்றது. ஒருகாலத்தில் 10,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று 6,000 பேருக்கும் குறைவு. இளைஞர் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் செல்ல, பென்ஷன் வாங்கும் முதியோர் தங்கினர்.

கரிக்குப் பதிலாக வேறு தொழில் வரும் என்பது அந்நாளைய வாக்குறுதி. வந்ததும் உண்மையே. அண்டையூராகிய விவியேயில் மோட்டார் வண்டிகளுக்கு உறுப்பு வார்க்கும் சாம் என்னும் ஆலையொன்று நடந்தது. அதன் பெரிய வாடிக்கையாளர் ரெனோ கம்பெனி. 2021 நவம்பரில், ஆலையை வாங்க முன்வந்த ஒரே ஒருவரை ஆதரிக்க ரெனோ மறுத்தது, ஆலை மூடப்பட்டது. 300க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்கள் யந்திரங்களை எவரும் பெயர்த்துச் செல்லாதபடி, ஆலையை விட்டு அகலாமல், குளிர்காலம் முழுவதும் மாறிமாறிக் காவலிருந்தனர்.